ஈயம் வைத்து மூடிய இன்ஜின்

கடிதம் எண்: 1
நாள்: 5 பிப்ரவரி 1996, திங்கட்கிழமை
நேரம்: காலை மணி 9.10
பொருள்: நீ வீட்டை விட்டுப் போனது

குட்டியின் அம்மாவுக்கு,

நலம். உன் நலம் அறிய விருப்பம். இந்த இரண்டையும் எழுதாமல் கடிதம் தொடங்கக் கூடாது என்று எனக்குக் கற்பித்திருக்கிறார்கள். முதலாவது முழு உண்மை இல்லை என்பதைச் சேர்த்துக்கொள்.

நீ டிசம்பர் 3ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டாய். குட்டி அதை 2ஆம் நாள் என்கிறாள். அவள் சொல்வது தவறு. 2ஆம் நாள் சனிக்கிழமை நாம் இருவரும் பட்டறையில் ஒரு நீல வண்டியின் இன்ஜின் ஹெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தோம். "இந்த வால்வு எரிஞ்சிருக்கு" என்றாய். நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். கட்டிய கணவனிடம் விடைபெறும்போது சொல்லத் தக்க சொல்லா அது என்பதை நீயே யோசித்துப் பார்.

தொலைபேசியில் அழைத்தால் உன் அறைக்குக் கீழே இருக்கும் பேட்டரிக் கடைக்காரர் எடுக்கிறார். "அக்கா வேலையா இருக்காங்க" என்கிறார். எந்த நேரத்தில் அழைத்தாலும் அதே பதில். அந்த மனிதருக்குப் பேட்டரி விற்பதைத் தவிர இது ஒரு தனி உத்தியோகமா என்று தெரியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

பந்தயக் குழுவுக்கு நான் கொடுத்த அறிக்கைதான் உன் கோபத்துக்குக் காரணம் என்று குட்டி சொல்கிறாள். அதை எடுத்து மறுபடி படித்தேன். அக்டோபர் 15ஆம் நாள் பந்தயத்தில், பதினோராம் சுற்றில், நாம் கட்டிய இன்ஜினில் மூன்றாம் சிலிண்டரின் ராட் போல்ட் ஒன்று அறுந்தது. பிஸ்டனைச் சுழல்தண்டோடு பிணைக்கும் ராட் பிடி விட்டு, இன்ஜினின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. எண்ணெய் கொட்டிப் பின்சக்கரம் வழுக்கியது. கார் மதிலில் மோதி, அதை ஓட்டிய நம் மகளின் இடது கால் இரண்டு இடங்களில் முறிந்தது. இவை நடந்தவை. "ராட் போல்ட்டுகளை இறுக்கியவர்: என் மனைவி" என்று அடுத்த வரியில் எழுதினேன். அதுவும் நடந்ததே. இதில் எந்த எழுத்தில் பொய் இருக்கிறது?

இனி வேலை விஷயம். குட்டிக்குக் காலில் கட்டுப் பிரித்தாகிவிட்டது. புதிய பருவத்தின் முதல் பந்தயம் ஜூன் 23. அதற்குள் அவள் வண்டிக்கு இன்ஜின் வேண்டும் என்று குழுவின் மேலாளர் நாள் தவறாமல் கேட்கிறார். உன் முக்காலி போட்ட இடத்திலேயே இருக்கிறது. உன் மூக்குக்கண்ணாடி மேசைமேல் இருக்கிறது. அதை நகர்த்தவில்லை, தூசி மட்டும் துடைத்தேன்.

பிப்ரவரி 18 ஞாயிறு மாலைக்குள் நீ வந்துவிட்டால் 19 காலை வேலையைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
உன் கணவன்

&nbsp;

13 பிப்ரவரி

குட்டி அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் ரத்த அழுத்த மாத்திரை சமையலறை மேல் அலமாரியில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. தேடியிருப்பீர்கள், யாரிடமும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

பேட்டரிக் கடைக்காரரைக் குறை சொல்லாதீர்கள். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் அதைத் திருத்திவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் என் பேச்சு இப்போதுதான் முற்றுப்புள்ளி வரை போகிறது. சுகமாகத்தான் இருக்கிறது.

இங்கே லாரி இன்ஜின் கட்டும் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். முதலாளியை எல்லோரும் மீசைக்காரர் என்கிறார்கள். மீசை இல்லை, எப்போதோ இருந்ததாம். முதல் நாள் ஒரு கிராங்க் தண்டை அளந்து இன்ஜினை மூடிவிட்டு, "வந்து பாத்துடுங்க" என்று அவரைக் கூப்பிட்டேன். "நீங்க பாத்தாச்சுல்ல அக்கா, அப்புறம் நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு அன்று சாயங்காலம் வரை கை ஓடவில்லை. வேலையை முடித்தால் அது முடிந்துவிடும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

உங்கள் அறிக்கையில் பொய் இல்லை. ஒரு வரி குறைகிறது.

அந்தப் போல்ட் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், இங்கேதான் குறுக்கிட ஆளில்லையே. இறுக்கும்போது அது ஒரு தலைமுடியின் கனம் அளவுக்கு நீளும். அப்படி நீண்டு விறைத்து நிற்பதுதான் அதன் பிடி. அது ஒரு தடவைக்குத்தான். அவிழ்த்துவிட்டு அதையே மறுபடி இறுக்கினால், நீண்டது திரும்பாது, உள்ளுக்குள் களைத்துப்போகும். வெளியில் பார்த்தால் பளபளவென்று புதிது மாதிரியே இருக்கும். அவிழ்த்தால் தூக்கிப்போடு என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறான்.

அன்று எட்டுப் போல்ட்டையும் இறுக்கி, ஒவ்வொன்றையும் அளந்து, அடியில் எண்ணெய்த் தொட்டியைப் பூட்டி இன்ஜினை மூடினேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் தொட்டியின் விளிம்பில் கசிவு அடைக்கும் பசை பிதுங்கியிருந்தது. நான் பூசியது கறுப்பு. பிதுங்கியிருந்தது சாம்பல் நிறம். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலிருந்தே பழகிவிட்டது.

அடுப்பை அணைத்தேன் என்று சொன்னால் எழுந்து போய்த் திருகிப் பார்ப்பீர்கள். கதவைப் பூட்டினேன் என்றால் இழுத்துப் பார்ப்பீர்கள். என் தங்கைக்கு நான் போட்ட கடிதத்தின் உறையைப் பிரித்து முகவரி சரியா என்று பார்த்து ஒட்டியிருக்கிறீர்கள். முகவரி உறைக்கு வெளியில்தான் இருந்தது. அடுப்புக்கும் கதவுக்கும் அதனால் ஒன்றும் ஆகிவிடாது. போல்ட் தாங்காது.

ஒரே கேள்வி. நான் மூடியபிறகு அந்த இன்ஜினைத் திறந்தீர்களா?

மிச்சம் ஏழு போல்ட் உங்களிடம்தான் இருக்கின்றன. நான் இறுக்கியபோது எடுத்த அளவு சுவரில், நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அளந்து பாருங்கள்.

குட்டியின் அம்மா

&nbsp;

கடிதம் எண்: 2
நாள்: 26 பிப்ரவரி 1996, திங்கட்கிழமை
நேரம்: காலை மணி 10.25
பொருள்: உன் 13ஆம் நாள் கடிதத்துக்குப் பதில்

குட்டியின் அம்மாவுக்கு,

மாத்திரை கிடைத்தது. சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இல்லை, பக்கவாட்டில் இருந்தது.

உன் தங்கையின் கடித உறையைப் பிரித்தது வருடம் 1971. உள்ளே இருந்த தாளிலும் முகவரி எழுதியிருந்தாய். இரண்டும் ஒன்றா என்று பார்த்தேன். ஒன்றுதான்.

திறந்தேனா என்று கேட்டிருக்கிறாய். தன் பெயரைத் தாங்கிப் பட்டறையிலிருந்து வெளியேறும் இன்ஜினை அதன் உரிமையாளன் சரிபார்ப்பது கடமை. கடமையைத் "திறப்பது" என்று சொல்லும் வழக்கத்தை நான் எங்கும் கண்டதில்லை. சரிபார்த்தேன். எத்தனை முறை என்பது உன் கேள்வியில் இல்லை.

ஏழு போல்ட்டுகளையும் அளந்தேன். ஏழும் உன் அளவைவிட நீண்டிருக்கின்றன; அளவுகளை இத்துடன் தனித்தாளில் வைத்திருக்கிறேன். இதை உன்னிடம் மறைக்கலாம். மறைக்கிற வழக்கம் எனக்கு இல்லை. உருக்கு மட்டமாக இருந்திருக்கலாம் என்பது என் கருத்து. அது வெறும் கருத்து என்றும் குறித்துக்கொள்கிறேன்.

இந்தக் கணக்கைப் பார்த்தபின் அறிக்கையைத் திருத்துவது முறை என்று தோன்றியது. 23ஆம் நாள் திருத்தம் அனுப்பிவிட்டேன். "இறுக்கியவர்: என் மனைவி" என்று இருந்ததை "இறுக்கியவர்: பட்டறை" என்று மாற்றியிருக்கிறேன். இனி உனக்கு மனக்குறை இருக்கக் காரணமில்லை.

18ஆம் நாள் நீ வரவில்லை. மாலை வரை வாசல் விளக்கு எரிந்தது. அது வீண்.

குட்டி 24ஆம் நாள் சனிக்கிழமை பட்டறைக்கு வந்தாள். கைத்தடி ஊன்றி நடக்கிறாள். உன் முக்காலியில் உட்கார்ந்தாள். உட்காராதே என்று சொல்ல வந்தவன் சொல்லவில்லை. புது இன்ஜினை நானே கட்டிவிடுவதாகச் சொன்னேன். அவள் பதிலைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அப்பா, அம்மா கட்டாத இன்ஜின்ல நான் உக்கார மாட்டேன்."

"போன தடவையும் அம்மா கட்டினதுதானே? என்ன ஆச்சு?"

"போன தடவை ரெண்டு பேர் கட்டினீங்கப்பா. அதான் ஆச்சு."

கால் முறிந்தவளோடு வாதாடுவது அழகல்ல என்று விட்டுவிட்டேன். இன்ஜின் பிளாக், கிராங்க், பிஸ்டன்கள், புதிய ராடுகள், பிரிக்காத போல்ட் பெட்டி எல்லாம் தயாராக இருக்கின்றன. நீ இங்கே வந்து கட்டுவதே முறை. லாரி இன்ஜின் கட்டும் இடத்தில், மீசை இல்லாத மீசைக்காரர் கூரையின் கீழ், பந்தய இன்ஜின் கட்டுவது பசுவின் கொட்டிலில் குதிரையைக் கட்டுவது போல. ஆயினும் அவள் பிடிவாதம் உன்னிடமிருந்து வந்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

உன் முடிவைத் தெரிவி.

இப்படிக்கு,
உன் கணவன்

&nbsp;

11 மார்ச்

குட்டி அப்பாவுக்கு,

அளந்ததை அளந்தபடி எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நன்றி. இந்த உலகத்தில் உங்கள் அளவுகோலைத்தான் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். உங்களுக்கு என் அளவுகோலை அப்படி நம்பத் தெரியவில்லை. நமக்குள் சண்டை என்றால் அவ்வளவுதான், வேறு ஒன்றுமில்லை.

ஒரு தடவை அவிழ்த்து இறுக்கினால் அந்த உருக்கு அவ்வளவு நீளாது. எத்தனை தடவை என்று இப்போது கேட்கிறேன். பதில் வராது என்று தெரியும்.

"பட்டறை" என்று ஒரு ஆள் இல்லை. பட்டறைக்குக் கை கிடையாது. அந்தத் திருத்தத்தைப் படித்துச் சிரித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது சிரிப்பு வரவில்லை.

குட்டிக்காக இன்ஜின் கட்டித் தருகிறேன். சாமான்களை இங்கே அனுப்புங்கள். மீசைக்காரரிடம் கேட்டேன். பின்பக்க அறையைக் காலிசெய்து, சுவருக்கு வெள்ளையடித்து, நல்ல விளக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். "அக்கா, வீட்டுக்காரர் வந்து நின்னா நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார். "உக்கார வெச்சு டீ குடுங்க. ஸ்பேனர் மட்டும் குடுத்துடாதீங்க" என்றேன்.

ஒரு நிபந்தனை இருக்கிறது. இன்ஜினைக் கட்டி முடித்ததும், பந்தய அதிகாரிகள் செய்வது மாதிரி, எண்ணெய்த் தொட்டியின் இரண்டு போல்ட்டுக்குக் குறுக்கே கம்பி கோத்து ஈயத்தால் முத்திரை வைப்பேன். கம்பியை வெட்டாமல் யாரும் உள்ளே போக முடியாது. நீங்கள் அதை வண்டியில் பூட்டலாம், எண்ணெய் ஊற்றலாம், சோதனை மேடையில் ஓட்டிப் பார்க்கலாம். திறக்கக் கூடாது.

பந்தயம் முடிந்தபிறகு அந்த முத்திரை வெட்டாமல் இருந்தால், நான் வரும்போது ஆணியில் மாட்டிவிட்டு வந்த வாசல் சாவியைத் தபாலில் அனுப்புங்கள். நான் வந்துவிடுகிறேன். அறிக்கையைப் பற்றி அதன்பிறகு ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

இது உங்களைச் சோதிக்கும் பந்தயம் இல்லை. எனக்கும் அறுபது தாண்டிவிட்டது. நான் மூடிய ஒன்று மூடியபடியே இருப்பதை ஒரு தடவை என் வீட்டில் பார்க்க வேண்டும் என்று ஆசை.

குட்டியின் அம்மா

&nbsp;

கடிதம் எண்: 3
நாள்: 22 ஏப்ரல் 1996, திங்கட்கிழமை
நேரம்: மாலை மணி 4.40
பொருள்: நிபந்தனையை ஏற்றுக்கொள்வது

குட்டியின் அம்மாவுக்கு,

சாமான்களை ஏப்ரல் 1ஆம் நாள் லாரியில் ஏற்றி அனுப்பினேன். முட்டாள்கள் தினம் என்று குட்டி சிரித்தாள். லாரிக்காரருக்கு அந்த நாள்தான் ஒத்துவந்தது.

உன் நிபந்தனையை மூன்று முறை படித்தேன். அதில் எழுத்துப்பிழை இல்லை. நியாயப் பிழை இருக்கிறது. உரிமையாளன் தன் பட்டறைப் பொருளைத் திறக்கக் கூடாது என்று சொல்வது, வீட்டுக்காரனை அவன் வீட்டு அறைக்குள் போகாதே என்பது போன்றது. ஆயினும் ஏற்றுக்கொள்கிறேன். ஏற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டபின் பின்வாங்கும் பழக்கம் எனக்கு இல்லை.

அதற்கான பயிற்சியும் தொடங்கிவிட்டேன். ஏப்ரல் 9ஆம் நாள் முதல் வாசல் கதவைப் பூட்டியபின் இழுத்துப் பார்ப்பதில்லை. 14ஆம் நாள் மட்டும் ஒருமுறை இழுத்தேன். அன்று காற்றும் மழையும். அதைக் கணக்கில் சேர்ப்பது முறையாகாது. அடுப்பைப் பொறுத்தவரை இன்னும் முழு வெற்றி இல்லை.

குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்று நீ 1993 முதல் சொல்லி வந்தாய். சரிசெய்துவிட்டேன். உன் பக்கத்து அலமாரிக் கதவு கிறீச்சிடுவதும் நின்றது. படுக்கையறை ஜன்னலுக்குப் பக்கத்தில் உனக்கு ஒரு மேசை போட்டிருக்கிறேன். மைக்ரோமீட்டர்களை இனி வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம். மேசை ஆடுகிறதா என்று பார்த்தேன். அதைப் பார்க்கக் கூடாது என்று நீ எழுதவில்லை.

சாவிக்கு எண்ணெய் விட்டுத் துடைத்து, உறையில் உன் முகவரி எழுதி வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை.

இப்படிக்கு,
உன் கணவன்

&nbsp;

18 மே

குட்டி அப்பாவுக்கு,

இன்ஜின் நாளைக்குக் கிளம்புகிறது. மீசைக்காரரே மரப்பெட்டி செய்து, வைக்கோல் திணித்து, "பொண்ணை மாமியார் வீட்டுக்கு அனுப்புற மாதிரி இருக்கு அக்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தும்மல் என்கிறார்.

நன்றாக வந்திருக்கிறது. எனக்கே தெரிகிறது. கடைசி ராடைப் பூட்டிவிட்டுக் கிராங்க்கை ஒரு விரலால் தள்ளினேன். எண்ணெயில் மிதப்பது மாதிரி சுற்றி, தானாக வந்து நின்றது. பக்கத்தில் யாராவது நின்று பார்க்க வேண்டும் போல இருந்தது. உங்களைத்தான் நினைத்தேன், வேறு யாருக்கு அது புரியும்? எல்லா அளவையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். படித்துக்கொள்ளுங்கள்.

முத்திரையில் இரண்டு கோடும் ஒரு புள்ளியும் இருக்கும். நாம் இரண்டு பேரும் குட்டியும்.

குழாயைச் சரிசெய்ததற்குச் சந்தோஷம். அடுப்பைப் போய்த் திருகிப் பாருங்கள், பரவாயில்லை. அதற்கெல்லாம் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இங்கே அறையைக் காலிசெய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

குட்டியின் அம்மா

&nbsp;

கடிதம் எண்: 4
நாள்: 24 ஜூன் 1996, திங்கட்கிழமை
நேரம்: காலை மணி 8.05
பொருள்: இன்ஜின், பந்தயம், முத்திரை

குட்டியின் அம்மாவுக்கு,

நிகழ்ந்தவற்றை நிகழ்ந்த வரிசையில் எழுதுகிறேன். நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை படி.

மரப்பெட்டி மே 22, புதன்கிழமை வந்து சேர்ந்தது. முத்திரை வைத்தது வைத்தபடி இருந்தது. இரண்டு கோடு, ஒரு புள்ளி. உன் அளவுத் தாளை அன்றே படித்தேன். ஜூன் 8ஆம் நாள் சனிக்கிழமை சோதனை மேடையில் ஏற்றி ஓட்டினேன். இந்தப் பட்டறையில் இதுவரை கட்டிய எந்த இன்ஜினும் அவ்வளவு வலுவைக் காட்டியதில்லை. குட்டி பக்கத்தில் நின்று காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"அம்மா மாதிரியேப்பா. வேலையைச் செய்யுது, முனகல" என்றாள்.

உண்மைதான். வேண்டாத சத்தம் ஒன்றுகூட இல்லை. வேறு எவனுக்கும் அது மனநிறைவைத் தந்திருக்கும். அக்டோபர் 15ஆம் நாள் உடைந்த அந்த இன்ஜினும் முதல் பத்துச் சுற்றுகளில் இப்படித்தான் இருந்தது. அதுவும் முனகவில்லை. அன்று மதிலோரம் முதலில் ஓடிச் சேர்ந்தவன் நான். நீ குழுவின் கூடாரத்தில் இருந்தாய். கதவைப் பெயர்த்து அவளை வெளியே இழுத்தபோது என் கை முழங்கை வரை நனைந்திருந்தது. அதில் எது எண்ணெய், எது அவள் ரத்தம் என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. அறிக்கையிலும் இல்லை, அதற்கு அங்கே இடம் விடப்பட்டிருக்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு பிற்பகல். குட்டி கால் பயிற்சிக்காக மருத்துவமனைக்குப் போயிருந்தாள். பட்டறையில் நான் மட்டும். இன்ஜினுக்கு எதிரே உன் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வாசல் பூட்டை இழுக்காமல் இருக்கப் பழகியவன், இதையும் பழகிவிடலாம் என்றே உட்கார்ந்தேன். பூட்டுக்கு உள்ளே இருப்பது பாத்திரமும் துணியும். இதன்மேல் அவள் உட்காரப் போகிறாள்.

குறடை எடுத்துக் கம்பியை வெட்டினேன்.

தொட்டியைக் கழற்றினேன். எட்டு ராட் போல்ட்டுகளையும் அவிழ்த்து, ஒவ்வொன்றாகத் துடைத்து அளந்தேன். பேரிங்குகளை அளந்தேன். கிராங்க்கை அளந்தேன். உன் தாளில் இருந்த அளவுக்கும் என் கையில் வந்த அளவுக்கும் எங்கும் வேற்றுமை இல்லை. குறை சொல்ல ஏதாவது அகப்படுமா என்று இரண்டாம் முறையும் பார்த்தேன். அகப்படவில்லை. முப்பத்தாறு ஆண்டுகளில் உன் வேலையில் ஒருமுறையும் அகப்பட்டதில்லை. அதை உன்னிடம் நான் ஒருமுறையும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

அவிழ்த்த எட்டையும் திரும்பப் போடவில்லை. பட்டறையில் இருந்த இன்னொரு பிரிக்காத பெட்டியிலிருந்து புதிய எட்டு எடுத்து, ஒரே ஒருமுறை இறுக்கி, உன் முறைப்படி நீளம் அளந்து, கறுப்புப் பசை பூசி மூடினேன். அதன்பின் வண்டியில் பூட்டினேன்; நேற்று வரை அந்த இன்ஜினின் உள்ளே யாரும் தொடவில்லை. நானும் தொடவில்லை.

நேற்று, 23ஆம் நாள், குட்டி இரண்டாவதாக வந்தாள். இறுதிச் சுற்றில் முதல் வண்டிக்கும் அவளுக்கும் ஒரு வண்டி நீளம்தான் இடைவெளி. கால் நன்றாக வேலை செய்தது. இன்ஜின் இன்னொரு பந்தயத்தையும் தாங்கும். வண்டியிலிருந்து இறங்கியதும் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வண்டியின் முன்மூடியைத் தூக்கி, குனிந்து, விளக்கடித்துக் கீழே பார்த்தாள்.

"அப்பா, அம்மாவோட சீல் எங்க?"

"வெட்டிட்டேன்."

"ஏன்? உள்ள ஏதாவது தப்பா இருந்துச்சா?"

"இல்ல."

"அப்போ எதுக்கு வெட்டினீங்க?"

"தப்பு இல்லன்னு தெறந்த பிறகுதானே தெரியும்?"

அவள் முன்மூடியை இறக்கினாள். "இப்ப தெரிஞ்சிடுச்சுல்ல. சந்தோஷமா இருங்க" என்றாள். பிறகு, "அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்கப்பா. நான் சொன்னா நாளும் நேரமும் தப்புன்னு பின்னாடியே வந்து திருத்துவீங்க" என்று சொல்லிவிட்டு மேலாளரின் வண்டியில் ஏறிப் போய்விட்டாள். ஆகவே நான் சொல்கிறேன்.

பட்டறையில் ஈயம் இருக்கிறது, கம்பி இருக்கிறது, முத்திரைக் குறடும் இருக்கிறது. இரண்டு கோடும் ஒரு புள்ளியும் போடுவது எனக்குப் பெரிய வித்தை இல்லை. போட்டிருந்தால் குட்டிக்குத் தெரிந்திருக்காது. உனக்கும் தெரிந்திருக்காது. இல்லை, உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாமலே போயிருந்தாலும் அப்படிச் செய்வதற்கில்லை. அளந்ததை அளந்தபடி சொல்கிறவன் என்று மார்ச் 11ஆம் நாள் நீ எனக்கு எழுதிய ஒரு வரி இருக்கிறது. நீ என்னைப் பற்றி எழுதியவற்றில் என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றே. அதையும் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை.

உன்மேலும் எனக்கு வருத்தம் உண்டு. மறைக்காமல் எழுதுகிறேன். இது சோதனை இல்லை என்று எழுதினாய். கம்பி கோத்து, ஈயம் வைத்து, பக்கத்தில் சாவியையும் மாட்டி வைத்தால் அதற்கு வேறு என்ன பெயர்? என் அறுபத்தொன்பதாம் வயதில், இந்தக் கையால் தொடாமல் இரு என்று கேட்டாய். அந்தக் கை அக்டோபரில் எதைத் தொட்டது என்று நீ கேட்கவில்லை. நான் சொல்லவில்லை என்பாய். அதுவும் சரிதான்.

எத்தனை தடவை என்று மார்ச் மாதம் கேட்டிருந்தாய். பதில் வராது என்று நீயே முடிவும் செய்துவிட்டாய். நீ முடிவு செய்ததை நான் திறந்து பார்க்கவில்லை. அந்த ஒன்றையாவது மூடியபடியே விட்டிருக்கிறேன்.

அறையைக் காலிசெய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லியிருப்பதாக எழுதினாய். இந்தக் கடிதம் கிடைத்த உடனே, அதே நாளில், அவரிடம் பேசி அதை நிறுத்திவிடு. தாமதித்தால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்ட மேசை அங்கேயே இருக்கும். அது ஆடவில்லை.

இப்படிக்கு,
உன் கணவன்

இணைப்புகள்:

1. ஈய முத்திரை, ஒன்று. இரண்டு கோடும் புள்ளியும் சிதையவில்லை.

2. வெட்டிய கம்பி, இரண்டு துண்டுகள். வெட்டிய நாள் சீட்டில் எழுதிக் கட்டப்பட்டுள்ளது.

3. நீ இறுக்கிய ராட் போல்ட்டுகள், எட்டு. குறையில்லாதவை, ஆயினும் இனி எந்த இன்ஜினிலும் போடக் கூடாதவை.

4. உன் மூக்குக்கண்ணாடி. துடைத்தது.

5. வாசல் சாவி: நிபந்தனை நிறைவேறாததால் இணைக்கப்படவில்லை.